சுளுக்குதானா?

தங்கச்சிமடத்தில் பிள்ளை கழுத்தைத் திருப்பவில்லையென்றால் சுளுக்குத் தடவத்தான் முதலில் தூக்கிப்போவார்கள். செவிலியாக நான் கேட்பது வேறு: காய்ச்சல் உண்டா? எச்சிலை விழுங்காமல் வடிக்கிறதா? குரல் அடைத்தாற்போல் இருக்கிறதா? இருந்தால் தொண்டைக்குப் பின்னால் சீழ் கட்டியிருக்கலாம். சளி, தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து ஐந்து வயதுக்குள் அதிகம் வரும். வளர்ந்த பிள்ளைகளுக்கு டான்சில் பக்கத்தில் கட்டி, வாயே திறக்காது. நம் கரையில் மீன் முள்ளும் ஒரு காரணம். முள் குத்தியதும் சோற்றுருண்டையை விழுங்கச் சொல்லும் வழக்கம் எனக்கு அறவே பிடிக்காது.

மூச்சு இரைந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள், உட்கார்ந்தபடியே வரட்டும். தொண்டைக்குள் கரண்டி விட்டுப் பார்க்கவும் வேண்டாம். பெரிய மருத்துவமனையில் சிடி ஸ்கேன் கட்டியின் இடத்தைக் காட்டிவிடும். சின்னக் கட்டி, நரம்பில் ஏற்றும் ஆன்டிபயாடிக்கிலேயே பெரும்பாலும் வற்றும். ஓரிரு நாளில் வற்றாவிட்டால், அல்லது மூச்சை அடைத்தால், மயக்கம் கொடுத்துக் கீறிச் சீழை எடுப்பார்கள். வாய்வழியாக எடுத்தால் வெளியே தழும்புகூடத் தெரியாது.