விலை பூஜ்யம்!
பழைய உல்லாசப் படகு வாங்குவோர் கவனிக்க வேண்டியது என்ன?

அமெரிக்க ஜனாதிபதிகள் ஏறி உலா வந்த படகு அது.

அதன் பெயர் "செக்கோயா".

ஹூவர் அதில் ஏறினார். ரூஸ்வெல்ட் ஏறினார். கென்னடி தமது 46-வது பிறந்த நாளை அந்தப் படகில்தான் கொண்டாடினார். 1963-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி அந்த விருந்து நடந்தது. அதுவே அவருடைய கடைசிப் பிறந்த நாள்.

இவ்வளவு பெருமை வாய்ந்த படகுக்கு, 2016-ம் ஆண்டில் ஒரு கோர்ட்டு விலை கட்டியது.

என்ன விலை தெரியுமா?

பூஜ்யம்! ஒரு டாலர்கூட இல்லை!

ஏன் இந்தக் கதி?

செக்கோயா, மரத்தால் செய்த மோட்டார் உல்லாசப் படகு. நீளம் 104 அடி. 1925-ம் ஆண்டில் கட்டப்பட்டது. 1931-ல் அமெரிக்க அரசாங்கம் அதை வாங்கியது.

1977-ல் ஜனாதிபதி கார்ட்டர், "இந்த ஆடம்பரம் வேண்டாம்" என்று முடிவு செய்தார். படகு ஏலத்துக்கு வந்தது. 2,86,000 டாலருக்கு விலை போயிற்று. பிறகு பல கை மாறியது.

கடைசியில், படகை வைத்திருந்தவருக்கும், வாங்கும் உரிமை பெற்றிருந்த நிறுவனத்துக்கும் வழக்கு மூண்டது.

வழக்கு நடந்த நாட்களில், ஒரு படகுத் துறையில் செக்கோயா கரையேறிக் கிடந்தது. அடியில் கொடுத்திருந்த முட்டு போதவில்லை. மரம் கெட்டது. பூனையை விடச் சற்றுப் பெரிய "ராக்கூன்" என்ற காட்டுப் பிராணிகள் உள்ளே குடி புகுந்தன. ஜனாதிபதிகள் விருந்து சாப்பிட்ட இடம் அவற்றுக்கு வீடாகிவிட்டது!

முதலில் பேசிய விலை பல லட்சம் டாலர். அதிலிருந்து பழுது பார்க்கும் செலவைக் கழித்துப் பார்த்தார், டெலவேர் மாநில நீதிபதி. மிச்சம் ஒன்றும் இல்லை. "விலை பூஜ்யம்" என்று தீர்ப்பளித்தார்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். மாட்டுக்கு அது சரி. படகுக்குச் சரி வராது. சும்மா கொடுத்தாலும் பழைய படகைச் சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

வீட்டை விற்றுப் படகு

உல்லாசப் படகு என்றால் கோடீசுவரர்கள் மட்டும் வாங்குவது என்று நினைக்க வேண்டாம்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் போர்ட் லாடர்டேல் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊருக்குள் தெருக்களைப் போலக் கால்வாய்கள் ஓடுகின்றன. வீட்டு வாசலில் கார் நிற்பது போல, கொல்லைப்புறத்தில் படகு நிற்கும். பழைய படகு வியாபாரம் அங்கே பெரிய தொழில்.

அங்கே படகு வாங்க வருவோரில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களும் உண்டு. சிலர் வீட்டை விற்றுவிட்டுப் படகிலேயே குடியிருக்க வருகிறார்கள். வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அந்த ஒரு பொருளில் போகிறது.

அப்படி ஒரு கணவன் மனைவி வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

படகு 45 அடி நீளம். வயது 25. வெள்ளை வெளேர் என்று புதுப் பெயிண்ட். உள்ளே இரண்டு படுக்கை அறை, சமையல் அறை, குளியல் அறை. ஜன்னலில் நீலத் திரை.

"எவ்வளவு அழகு! பேரப் பிள்ளைகள் வந்தால் இந்த அறையில் படுத்துக்கொள்ளலாம்" என்கிறார் மனைவி.

கணவரின் கை சட்டைப் பைக்குப் போகிறது.

இதுதான் ஆபத்தான கட்டம்!

முதலில் மூக்கு

பழகியவர்கள் திரையைப் பார்ப்பதில்லை. தரைப் பலகையைத் தூக்கிப் பார்க்கிறார்கள்.

பலகைக்குக் கீழே இருப்பது படகின் அடிவயிறு. எங்கே ஒழுகினாலும் தண்ணீர் அங்கேதான் வந்து சேரும். அங்கே எண்ணெய் மிதக்கிறதா? துருப்பிடித்த தண்ணீர் நிற்கிறதா? பூஞ்சைக் காளான் வாடை அடிக்கிறதா? மூக்கே பாதி சேதியைச் சொல்லிவிடும்.

அடுத்தது என்ஜின். அதை ஓட்டிக் காட்டும் முன்பே தொட்டுப் பார்க்க வேண்டும். சில்லென்று இருந்தால் சரி. சூடாக இருந்தால், நீங்கள் வரும் முன்பே யாரோ ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த என்ஜின் கிளம்ப அடம் பிடிப்பதை மறைக்க, சிலர் இந்தத் தந்திரம் செய்வது உண்டு.

பணம் கொடுக்கும் முன் நிபந்தனை

படகு பிடித்துவிட்டது. விலையும் பேசியாயிற்று. முழுப் பணத்தையும் கொடுத்துவிடலாமா?

கூடாது!

வழக்கமாக நூற்றுக்குப் பத்து வீதம் முன்பணம் கட்டுகிறார்கள். பணம் விற்பவர் கைக்குப் போகாது. நடுவில் தரகர் கணக்கில் தனியாக இருக்கும்.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை எழுதப்படும். "நிபுணர் சோதனையும் கடல் ஓட்டமும் திருப்தியாக இருந்தால்தான் வாங்குவேன். இல்லாவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும்." இந்த வாசகம் வாங்குபவருக்குக் கவசம் மாதிரி.

சோதனை செய்யும் நிபுணருக்கு "சர்வேயர்" என்று பெயர். அவருக்குக் கூலி, படகின் நீளத்தை அடிக்கணக்கில் அளந்து பேசப்படுகிறது. அந்தக் கூலியை வாங்குபவர்தான் கொடுக்க வேண்டும். ஆளையும் அவரே தேடிப் பிடிக்க வேண்டும். விற்பவர் காட்டும் ஆளை அமர்த்துவது, மாட்டுத் தரகனிடமே மாட்டின் வயதைக் கேட்பது போல ஆகும்.

சட்டி தட்டுவது போல

சோதனை நாள். இரண்டு அகலமான வார்களைப் படகின் அடியில் கொடுத்து, தொட்டிலைப் போல ஒரு யந்திரம் தூக்குகிறது. படகு தண்ணீரை விட்டுக் கரைக்கு வருகிறது.

சர்வேயர் கையில் ஒரு சிறு சுத்தியல்.

டக்... டக்... டக்...

சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே போகிறார்.

சந்தையில் மண்சட்டி வாங்கும் பெண்கள் என்ன செய்வார்கள்? சுண்டிப் பார்ப்பார்கள். "கணீர்" என்றால் நல்ல சட்டி. சத்தம் செத்திருந்தால் விரிசல். படகுக்கும் அதே பரீட்சைதான்!

இந்தக் காலத்து உல்லாசப் படகுகளில் பெரும்பாலானவை கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்துச் செய்தவை. மேல்தளத்தில் பாரம் குறைவதற்காக, இரண்டு கண்ணாடி இழைத் தகடுகளுக்கு நடுவே "பால்சா" என்ற லேசான மரத்தை வைப்பது உண்டு. ஒரு திருகாணி ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் இறங்கினால் போதும். உள்ளே மரம் ஊறி அழுகிவிடும். வெளியே பெயிண்ட் பளபளக்கும்!

தட்டும்போது "டக்" என்று கேட்டால் நலம். "டொப்" என்று கேட்டால் உள்ளே நோய்.

படகுக்குக் கொப்புளம்

படகின் அடியில் கொப்புளம் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

பல ஆண்டுகள் தண்ணீரில் கிடக்கும் படகின் மேல்பூச்சு வழியாக ஈரம் மெல்ல உள்ளே போகிறது. பிசினில் உள்ள பொருள்களுடன் கலந்து புளித்த நீராகிறது. அது இன்னும் தண்ணீரை இழுக்கிறது. அழுத்தம் ஏறி, அம்மை போட்டது போலக் கொப்புளம் எழும்புகிறது. உடைத்தால் காடி வாடை அடிக்கும்.

பத்து இருபது கொப்புளத்தைச் சுரண்டி அடைத்துவிடலாம். அடிப்பாகம் முழுவதும் இருந்தால், மேல்பூச்சையே சீவி எடுத்து, பல வாரம் உலர வைத்து, மறுபடி பூச வேண்டும். செலவு ஏராளம்.

பிறகு விசிறியைப் பார்க்க வேண்டும். வெண்கல விசிறி மஞ்சளாக இருப்பது நல்லது. இளஞ்சிவப்பாக மாறியிருந்தால், அதில் உள்ள துத்தநாகத்தைக் கடல் தின்றுவிட்டது என்று பொருள். அப்படி ஆகாமல் தடுக்கத்தான் படகின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். விசிறியைக் காப்பாற்ற அந்தக் கட்டிகள் தாங்கள் கரைந்து போகின்றன!

தூக்கத்தில் வரும் எமன்

இதுவரை சொன்னவை பணத்துக்கு வரும் ஆபத்து. உயிருக்கு வரும் ஆபத்தும் உண்டு.

படகுகளில் மின்சாரம் உண்டாக்க ஒரு சிறு என்ஜின் இருக்கும். அதன் புகைக்குழாயில் ஓட்டை விழுந்தால், "கார்பன் மோனாக்சைடு" என்ற விஷவாயு அறைக்குள் வரும். அதற்கு நிறம் இல்லை. வாடை இல்லை. தூங்குபவர் தூங்கியபடியே இறந்துவிடுவார். ஆகவே புகைக்குழாய் நெடுகிலும் பார்ப்பார்கள். விஷவாயு வந்தால் அலறும் கருவி ஒவ்வொரு படுக்கை அறையிலும் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

பெட்ரோலில் ஓடும் படகு என்றால் இன்னொரு பயம். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, அடிவயிற்றில் தங்கும். ஒரு பொறி போதும், படகு வெடித்துவிடும்.

கடல் தண்ணீர் உள்ளே வரும் குழாய் ஒவ்வொன்றுக்கும் அடைப்பான் உண்டு. அது துருப்பிடித்து இறுகிப் போயிருந்தால், குழாய் வெடிக்கும்போது தண்ணீரை நிறுத்த வழி இல்லை. நடுக்கடலில் போகும் படகு மட்டும்தான் மூழ்கும் என்று எண்ண வேண்டாம். துறையில் கட்டிப் போட்ட படகும் இப்படி ஓசைப்படாமல் மூழ்குவது உண்டு.

புகை சொல்லும் சேதி

அடுத்தது கடல் ஓட்டம்.

என்ஜின் கிளம்புகிறது. சர்வேயரின் கண் புகையின் மேல் இருக்கிறது.

கறுப்புப் புகை: எரிபொருள் சரியாக எரியவில்லை, அல்லது சக்திக்கு மிஞ்சிய பாரம்.

நீலப் புகை: மசகு எண்ணெய் எரிகிறது. என்ஜின் தேய்ந்திருக்கலாம்.

வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தால்: எரியாத எண்ணெய் வெளியேறுகிறது; அல்லது உள்ளே தண்ணீர் புகுந்து ஆவியாகிறது.

படகை முழு வேகத்தில் விடுகிறார்கள். என்ஜின் செய்தவர்கள் சொன்ன சுற்று வேகத்தை அது எட்ட வேண்டும். எட்டினாலும் சூடு ஏறக் கூடாது.

மசகு எண்ணெயில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புகிறார்கள். மனிதனுக்கு ரத்தப் பரிசோதனை போல இது. அதில் இரும்பும் செம்பும் மிகுந்திருந்தால் என்ஜினுக்குள் தேய்மானம். உப்பின் அம்சம் இருந்தால் கடல் தண்ணீர் புகுந்திருக்கிறது. சோதனைக்கு முந்தின நாள் எண்ணெயை மாற்றிவிட்டால் உண்மை தெரியாது. "எண்ணெய் எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்பது அதனால்தான்.

"இந்த என்ஜின் அதிகம் ஓடவே இல்லை" என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். அதில் மயங்கக் கூடாது. வருஷக்கணக்கில் சும்மா கிடந்த என்ஜின் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். ஒழுங்காக ஓடி, ஒழுங்காகப் பராமரித்த என்ஜினே மேல்.

கடனும் கூடவே வரும்!

படகு நன்றாக இருந்தால் மட்டும் போதாது. பத்திரமும் நன்றாக இருக்க வேண்டும்.

கடல் சட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. பழுது பார்த்த கூலியோ, மாலுமியின் சம்பளமோ பாக்கி இருந்தால், அந்தக் கடன் படகையே பிடித்துக்கொள்ளும். சொந்தக்காரர் மாறினாலும் விடாது. நேற்றைய சொந்தக்காரர் வைத்த பாக்கிக்கு, இன்று வாங்கியவரின் படகு ஜப்தியாகலாம்!

ஆகவே அமெரிக்காவில் கடலோரக் காவல் படையிடம் பதிவான படகாக இருந்தால், அதன் பதிவேட்டைப் பார்த்து வில்லங்கம் தேடுகிறார்கள். படகின் பின்புறம் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளம் பொறித்திருக்கும். அது பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

யானை வாங்கினால் போதுமா?

யானையை வாங்கிவிடலாம், தீனி போட வேண்டாமா?

கிரேக்கக் கப்பல் அதிபர் ஒனாசிஸ், பழைய கனடா போர்க்கப்பல் ஒன்றை வாங்கினார். கொடுத்த விலை 34,000 டாலர். அதை உல்லாசப் படகாக்க அவர் செலவிட்டது 40 லட்சம் டாலர்! அதுதான் 1954-ல் புகழ் பெற்ற "கிறிஸ்டினா".

ஒனாசிஸ் தாங்கினார். ஓய்வூதியக்காரர் தாங்குவாரா?

படகின் விலையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்குப் போகும் என்பது படகுக்காரர்கள் வைத்திருக்கும் வாய்க்கணக்கு. பழைய படகு அதற்கு மேலும் விழுங்கும்.

என்ன செய்தார்கள்?

அந்தக் கணவன் மனைவியிடம் சர்வேயரின் அறிக்கை வருகிறது. மேல்தளத்தில் பாதி "டொப்". இடது என்ஜினின் எண்ணெயில் உப்பு.

இப்போது மூன்று வழிகள் உண்டு. விற்பவரையே பழுது பார்க்கச் சொல்லலாம். விலையைக் குறைக்கச் சொல்லலாம். அல்லது கும்பிடு போட்டுவிட்டு வரலாம்.

மூன்றாவது வழிதான் கஷ்டமானது. சர்வேயர் கூலி போயிற்று. படகைத் தூக்கிய கூலி போயிற்று. மனசில் அந்த நீலத் திரை ஆடுகிறது.

"இவ்வளவு செலவழித்துவிட்டோமே!" என்கிறார் கணவர்.

"செலவழித்ததால்தானே தெரிந்தது!" என்கிறார் மனைவி.

இருவரும் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த படகைப் பார்க்கப் போகிறார்கள்.

இந்தத் தடவை அவர் திரையைப் பார்க்கவில்லை. நேராகப் போய்த் தரைப் பலகையைத் தூக்குகிறார்!