சிறையில் பிறந்தாலும் குழந்தை கைதி அல்ல

கொல்கத்தாவின் அலிப்பூர் சிறை என்றால் தமிழருக்கு நினைவு வருபவர் அரவிந்தர். 1908இல் அங்கே அடைக்கப்பட்டவர், 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அதே அலிப்பூரில் இப்போது பெண்கள் சிறையும் இருக்கிறது. அங்கே கைக்குழந்தைகளும் வளர்கிறார்கள்.

2024 பிப்ரவரியில் இது நாடு முழுக்கப் பேச்சானது. கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர், தலைமை நீதிபதி டி.எஸ்.சிவஞானம் அமர்வில் ஒரு குறிப்பைக் கொடுத்தார். பெண் கைதிகள் சிறையிலேயே கர்ப்பமாகிறார்கள், மேற்கு வங்கச் சிறைகளில் 196 குழந்தைகள் இருக்கிறார்கள் என்றது அது. அலிப்பூரில் தாய்மாரோடு குறைந்தது 15 குழந்தைகளைப் பார்த்ததாகவும் சொன்னார். பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போன அறிக்கை வேறு கதை சொன்னது: நான்கு ஆண்டுகளில் பிறந்தவை 62, பெரும்பாலான தாய்மார் சிறைக்கு வரும்போதே கர்ப்பிணிகள். "எப்படிக் கர்ப்பமானார்கள்?" என்று தொலைக்காட்சிகளில் தொண்டை கிழியக் கத்தினார்கள். பிறந்த பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

என்ன கிடைக்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. ஆர்.டி.உபாத்யாய வழக்கில் 2006 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தாயோடு இருக்கும் குழந்தையைக் கைதியாக நடத்தக் கூடாது. உணவு, உடை, மருத்துவம் அதன் உரிமை; யாரும் போடும் பிச்சை அல்ல. முடிந்தவரை பிரசவம் சிறைக்கு வெளியே நடக்க வேண்டும். அதற்காகத் தற்காலிக விடுதலை தரலாம். உள்ளேயே பிறந்துவிட்டால், பிறப்புப் பதிவில் சிறை என்ற சொல் வரக் கூடாது, பகுதியின் முகவரி மட்டுமே. பிறப்புச் சான்றிதழைக் குடும்பத்தார் ஒருமுறை வாங்கிப் படித்துப் பார்த்துவிடுவது நல்லது. அதில் சிறை என்று இருப்பது பள்ளியில் சேர்க்கும் நாளில் தெரியவந்தால் திருத்த அலைய வேண்டியிருக்கும்.

சிசுவின் தேவைகள் எங்கும் ஒன்றுதான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை. சேனை, சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். சிறையில் தாயைப் பார்க்கப் போகிறவர்கள் அன்போடு பால் பவுடர் டப்பாவை வாங்கிப் போவதுண்டு. கொதித்த நீரும் சுத்தமான பாத்திரமும் உறுதியில்லாத இடத்தில் அது வயிற்றுப்போக்குக்கு வழி. குழந்தைக்குப் பால் ஊற வேண்டுமென்றால் தாய்க்குக் கூடுதல் சாப்பாடும் தண்ணீரும் தூக்கமும் வேண்டும். கேட்டுப் பெற வேண்டியது அதைத்தான். குழந்தையை விட்டுவிட்டுத் தாய் நீதிமன்றம் போக நேர்ந்தால், சுத்தமான பாத்திரத்தில் பீய்ச்சி மூடி வைத்த பால் அறை வெப்பத்தில் சுமார் நான்கு மணி நேரம் தாங்கும்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி, கூடவே பிசிஜி, போலியோ சொட்டு. குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உடல் சில்லிட்டாலோ, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளித்தாலோ, காவலர் மாறும் வரை காத்திருக்கக் கூடாது. உடனே வெளி மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்ல வேண்டும்.

சிறை நிர்வாகம் மறுத்தால்? பெண்ணுக்கும், குழந்தைக்கும், காவலில் இருப்பவருக்கும் இலவச வழக்கறிஞர் தருவது 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. வருமானச் சான்று தேவையில்லை. பெண் என்ற காரணத்துக்காகவே ஜாமீனைப் பரிசீலிக்க இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 480ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. 2024 நவம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, போதைப்பொருள் வழக்கில் இருந்த ஒரு கர்ப்பிணிக்கே பிரசவத்துக்காக ஆறு மாத ஜாமீன் தந்தது. ஆகவே "பெரிய வழக்கு, கேட்டுப் பயனில்லை" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அலிப்பூருக்கு உள்ள சட்டமேதான் புழலுக்கும் வேலூருக்கும். உறவினரோ அக்கம்பக்கத்தவரோ யாரேனும் கர்ப்பிணியாகவோ கைக்குழந்தையோடோ சிறைக்குப் போனால், அன்றைக்கே 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அழையுங்கள்.