சரக்குக் கூடத்தில் மூவாயிரம் மேசைகள்

பாரிஸ் நகரின் 13ஆம் வட்டாரத்தில், ஆஸ்தர்லிட்ஸ் ரயில் நிலையத்திலிருந்து வெளிச்செல்லும் தண்டவாளங்களை ஒட்டி, 310 மீட்டர் நீளமும் 58 மீட்டர் அகலமும் கொண்ட கான்கிரீட் கூடம் ஒன்று நிற்கிறது. 1927க்கும் 1929க்கும் இடையில் பாரிஸ்–ஓர்லேயான் ரயில் கம்பெனிக்காகக் கட்டப்பட்ட இக்கூடம், ரயிலில் வந்திறங்கும் மூட்டைகளையும் பொட்டலங்களையும் பிரித்து லாரிகளுக்கு மாற்றிவிடும் பார்சல் கொட்டகையாகவே தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தது. 2017 முதல் அதே கூரையின்கீழ் ‘ஸ்டேஷன் எஃப்’ என்னும் பெயரில் 34,000 சதுர மீட்டர் பரப்புள்ள பகிர்வு அலுவலகம் இயங்கிவருகிறது. பகிர்வு அலுவலகம் என்பது, பல சிறு நிறுவனங்கள் தனித்தனிக் கட்டடங்களை வாடகைக்குப் பிடிக்காமல், மேசை, கூட்ட அறை, இணையம், சமையற்கட்டு ஆகியவற்றைப் பொதுவில் வைத்துக்கொண்டு அருகருகே வேலை செய்யும் ஏற்பாடாகும். ஸ்டேஷன் எஃப்பில் ஏறத்தாழ மூவாயிரம் மேசைகளைச் சுற்றி ஆயிரம் புத்தொழில் நிறுவனங்கள், அதாவது ‘ஸ்டார்ட்அப்’ எனப்படும் புதுமுயற்சி நிறுவனங்கள், இடம்பெற்றிருக்கின்றன.

கூடத்தை வடிவமைத்தவர் யூஜேன் ஃப்ரெசினே (1879–1962) என்னும் பொறியாளர். கான்கிரீட் நசுக்கும் சுமையைத் தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். இந்தக் குறையை அவர் இரண்டு வழிகளில் எதிர்கொண்டார். முதலாவது, பாரம் முழுவதும் நசுக்கு விசையாகவே கீழிறங்கும்படி கூரையை வில்வளைவாக அமைப்பது. இக்கூடத்தின் மூன்று இணையான வளைவுக் கூரைகளும் சில சென்டிமீட்டர் தடிமனே உடைய மெல்லிய ஓடுகளாக, ஒல்லியான தூண்களின்மேல் நிற்பது அதனால்தான். இரண்டாவது, 1928இல் அவர் காப்புரிமை பெற்ற முன்தகைவு முறை. நம் ஊர்த் தச்சர்கள் மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்ற, அது குளிர்ந்து சுருங்கி மரத் துண்டுகளை ஒன்றோடொன்று இறுக்குவதைப்போல, முன்பே இழுத்துவைத்த எஃகுக் கம்பிகள் கான்கிரீட்டை இறுக்கிப் பிடித்துவிடுவதால், பின்னர் வரும் இழுவிசை அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதிலேயே செலவாகிவிடுகிறது. இன்று உலகின் பெரும் பாலங்கள் பலவும் இம்முறையில் கட்டப்படுகின்றன. 1954இல் செங்கல்பட்டு அருகே பாலாற்றின்மேல் எழுந்த பாலம் இந்தியாவில் இம்முறையின் தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. பாரிஸ் கூடம், இந்த எண்ணம் ஃப்ரெசினேயின் கையில் உருப்பெற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளின் படைப்பு.

பார்சல் வேலைக்குத் தேவைப்பட்டவை மூன்று: வண்டிகள் தடையின்றித் திரும்பும் அகலம், முகவரிச் சீட்டைப் பகலில் விளக்கில்லாமல் படிக்கக்கூடிய வெளிச்சம், நாளை வேறு விதமாக அடுக்கவேண்டி வந்தால் இடிக்க வேண்டிய சுவர் ஏதும் இல்லாத தரை. எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர் பகிர்வு அலுவலகத்தை அமைக்க வந்தவர்கள் கேட்டதும் ஏறத்தாழ இதே மூன்றுதான். அரண்மனையையோ மாளிகையையோ அலுவலகமாக்க முனைபவர்கள், வரிசை வரிசையான அறைகளோடும் அசைக்க முடியாத சுமைதாங்கிச் சுவர்களோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அழகுக்காக யாரும் கட்டாத கொட்டகையோ புதுக் குடித்தனத்தை எளிதாக ஏற்றுக்கொள்கிறது. பாரம்பரியக் கட்டடங்களைப் பற்றிய பேச்சில் இவ்வேறுபாடு போதிய கவனம் பெறுவதில்லை.

ஆனால், கூடம் பிழைத்ததே பெரிது. 2006இல் பார்சல் நிறுவனம் வெளியேறிய பின்னர், சில ஆண்டுகள் கண்காட்சிகளுக்கும் கேளிக்கைகளுக்கும் அது வாடகைக்கு விடப்பட்டது. சுற்றிலும் தேசிய நூலகத்தை நடுவாகக் கொண்டு புதிய நகர்ப்பகுதி எழுந்துகொண்டிருந்ததால், நிலத்தின் விலை கட்டடத்தின் மதிப்பை விஞ்சிவிட்டது. உரிமையாளரான அரசு ரயில்வே, கூடத்தின் ஒரு பகுதியை இடிக்கவும் எண்ணியது. அதற்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாக 2012 பிப்ரவரியில் கூடம் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பிரான்ஸில் இப்பாதுகாப்புக்கு இரண்டு படிகள் உண்டு. கூடத்துக்குக் கிடைத்தது கீழ்ப்படியே. எனினும், அரசின் பார்வைக்கு வராமல் இடிக்கவோ உருமாற்றவோ முடியாது என்ற நிலை அதனால் உறுதியாயிற்று. அடுத்த ஆண்டில், தொலைத்தொடர்புத் துறையில் ‘ஃப்ரீ’ நிறுவனத்தால் பெருஞ்செல்வம் ஈட்டிய சவியே நியேல் இத்திட்டத்தைக் கையிலெடுத்தார். சீரமைப்பைக் கட்டடக்கலைஞர் ழான்-மிஷேல் வில்மோத்திடம் ஒப்படைத்தார். மொத்தச் செலவு ஏறத்தாழ 25 கோடி யூரோ.

பழைய கான்கிரீட்டைச் சீராக்குவது, செங்கல்லையும் சுண்ணாம்பையும் சீராக்குவதைவிட நுணுக்கமான வேலை. புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. ஆனால், காற்றிலுள்ள கரியமில வாயு பல்லாண்டுகளாக மெல்ல உட்புகுந்து அக்காரத்தைத் தணித்துவிடும்போது கம்பி துருப்பிடித்து உப்புகிறது, உப்பிய துரு மேற்பூச்சை வெடிக்கச் செய்து உதிர்க்கிறது. கம்பிக்கும் காற்றுக்கும் இடையே உள்ள மூடல் மெல்லியதாக இருக்குமளவுக்கு இந்நோய் விரைவாக வரும். ஆகவே எந்த மெலிவுக்காக ஃப்ரெசினேயின் கூரைகள் போற்றப்படுகின்றனவோ, அந்த மெலிவே பராமரிப்பவருக்குத் தலைவலியாகிறது. பழுதுபார்த்த இடம் துருத்தித் தெரியாதபடி நிறத்தையும் மணலின் தன்மையையும் பொருத்தியாக வேண்டும் என்பது அதற்குமேல் ஒரு சுமை.

வில்மோத்தின் திட்டத்தில் மெச்சத்தக்கது அதன் அடக்கம். பிற்காலத்தில் ஒட்டவைத்த சேர்க்கைகள் அகற்றப்பட்டன. கூரையின் கண்ணாடித் திறப்புகள் மீட்கப்பட்டன. நடுக்கூடம் முனை முதல் முனை வரை மறைப்பின்றி விடப்பட்டது. மேசைகளும் மேல்தளங்களும் பக்கக் கூடங்களில், பழைய தூண்களின்மேல் பாரம் ஏற்றாத தனிச் சட்டகங்களாக நுழைக்கப்பட்டன. கூட்ட அறைகள் சரக்குப் பெட்டகங்களை நினைவூட்டும் கண்ணாடிப் பெட்டிகள். பெரிய பெட்டிக்குள் சிறிய பெட்டிகளை வைக்கும் இம்முறைக்கு இரு நன்மைகள் உண்டு: வருங்காலத்தில் யாரேனும் அலுவலகத்தைக் கழற்றியெடுத்தால் 1929ஆம் ஆண்டின் கூடம் பெரும்பாலும் அப்படியே மிஞ்சும், அன்றாடப் பயன்பாட்டிலோ, எதிரொலியும் குளிரும் தவிர்க்க முடியாத பேருயரக் கூடம் முழுவதையும் வசதிப்படுத்த முயலாமல், மனிதர்கள் உட்காரும் சிறு பகுதிகளை மட்டும் இதமாக்கினால் போதும்.

கூட்டாக வேலை செய்யும் பழக்கம் சுவரை இடித்ததும் தானாக முளைத்துவிடுவதில்லை. திறந்த அலுவலகங்களில் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு யாருடனும் பேசாமல் இருப்பவர்களே மிகுதி என்ற குறை எங்கும் கேட்பதுதான். ஸ்டேஷன் எஃப் இதை ஓரளவு உணர்ந்து, மூன்று பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. முதற்பகுதியில் 370 இருக்கைகள் கொண்ட அரங்கும், முதலீட்டாளர்களும் அரசுத் துறையினரும் அமரும் இடங்களும் உள்ளன. நடுப்பகுதி நிறுவனங்களுக்கு மட்டும். மூன்றாவது பகுதி உணவுக்கும் ஓய்வுக்கும் உரியது. சந்திக்கும் இடமும் உழைக்கும் இடமும் இவ்வாறு பிரிந்திருப்பதால், ஒன்றின் இரைச்சல் மற்றொன்றைக் கெடுப்பதில்லை.

2017 ஜூன் 29 அன்று இதைத் திறந்துவைத்த அதிபர் இம்மானுவேல் மக்ரோன், ரயில் நிலையம் என்பது வெற்றி பெறுகிறவர்களும் ஒன்றுமே இல்லாதவர்களும் எதிர்ப்படும் இடம் என்ற கருத்தில் பேசியது பெருங்கண்டனத்தைக் கிளப்பியது. பல்லாண்டுக் காலம் மூட்டை தூக்கியவர்கள் நடந்த தரையில் நின்று சொன்னதால் அச்சொல்லுக்குக் கூர்மை கூடிவிட்டது. மேசை வாடகை தொடக்கத்தில் மாதம் 195 யூரோவாக இருந்தது. பாரிஸ் நிலவரத்தில் இது மலிவுதான் என்றாலும், வசதியற்ற பின்னணியிலிருந்து வருபவர்களுக்காகக் கட்டணமற்ற தனித் திட்டம் ஒன்றும் வைக்கப்பட்டது. அடையாள அட்டை இல்லாதவர் வேலைப்பகுதிக்குள் செல்ல முடியாது. உணவுப்பகுதி மட்டும் 2018 முதல் ஊர்மக்களுக்கும் திறந்திருக்கிறது. அங்கே, தண்டவாளங்கள் நீங்கிய கூடத்துக்குள் இரண்டு பழைய ரயில் பெட்டிகள் சாப்பாட்டு மேசைகளோடு நிற்கின்றன.