ஆங்கில எதிர்காலத் தொடர்வினைகளும் தமிழ்வழி விளக்கமும்

ஆங்கில வினைக்கு எதிர்கால விகுதி கிடையாது. பழைய ஆங்கிலத்தில் நிகழ்கால வடிவமே எதிர்காலத்தையும் சுட்டிற்று. விருப்பத்தைக் குறித்த 'வில்', கடப்பாட்டைக் குறித்த 'ஷல்' ஆகியன பின்னரே துணைவினைகளாகி அப்பணியை ஏற்றன. இவ்வரலாற்றைப் புறக்கணித்து, பன்னிரு கட்டங்கள் கொண்ட அட்டவணையாகவே காலங்களைக் கற்பிக்கும் வழக்கம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. கிராமப்புற மாணவன் அதனை மனனஞ் செய்கிறான். பொருள் அவனுக்கு எட்டுவதில்லை. ஆங்கிலம் வர்க்க அடையாளமாக நிலைபெற்ற ஒரு நாட்டில் (சிங்கள இளைஞர் அதனைக் 'கடுவ', அதாவது வாள், என்றழைத்தமை தற்செயலன்று) இது வெறும் இலக்கணப் பிரச்சினை ஆகாது.

எதிர்காலத் தொடர்வினையில் இடர் குறைவு. 'நாளை பத்து மணிக்கு அவள் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பாள்' என்பதற்கு 'வில் பி பிளக்கிங்' நேராகவே பொருந்தும். இவ்வடிவம் பணிவுக்கும் உதவுவதுண்டு. சைக்கிளை இரவல் கேட்க எண்ணுபவர், 'வில் யூ பி யூசிங்' எனத் தொடங்குவாராயின், உடையவரின் திட்டத்தையே வினவுகிறார். வற்புறுத்தல் அதில் இல்லை.

எதிர்கால நிறைவுத் தொடர்வினையே சிக்கலானது. 'வில் ஹாவ் பீன் பிளக்கிங்' என்பதை அட்டவணை 'பறித்துக்கொண்டிருந்திருப்பாள்' எனப் பெயர்க்கிறது. தமிழ்ச் செவிக்கு இது எதிர்காலமன்று. 'நேற்று நாம் சென்றவேளை பறித்துக்கொண்டிருந்திருப்பாள்' என்ற இறந்தகால ஊகமே முதலிற் புலப்படும். ஆங்கில வடிவத்துக்கும் இவ்வூகப் பொருள் உண்டு என்பதை நூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. எதிர்காலப் பொருளில் நடைமுறைத் தமிழ் வேறு வழியை நாடுகிறது: 'வரும் சித்திரையோடு அவள் கொழுந்து பறிக்கத் தொடங்கி இருபது ஆண்டுகளாகும்.' ஆங்கிலம் துணைவினைகளை அடுக்கிப் பெறுவதை, தமிழ் தொடக்கத்தையும் கால அளவையும் கூறிப் பெறுகிறது. விளக்கம் இங்கிருந்தே தொடங்கவேண்டும் என்பது எமது கருத்து.

தொடர்ச்சியற்ற நிறைவுவினையிலிருந்து இதனை வேறுபடுத்தவும் அதே பெண் போதும். மாலைக்குள் அவள் பதினெட்டுக் கிலோ பறித்து முடித்திருப்பாள் எனின், 'வில் ஹாவ் பிளக்ட்'. தராசில் ஏறும் விளைபொருளே அங்கு கணக்கு. மாலையில் அவள் எட்டு மணிநேரமாகப் பறித்துக்கொண்டிருப்பாள் எனின், 'வில் ஹாவ் பீன் பிளக்கிங்'; அங்கு கணக்கு உழைப்பே. கங்காணியின் குறிப்பேட்டுக்கு முதலாவது வடிவம் போதுமானது.