விரலில் ஒட்டிய இனிப்பு

பொருநைக் கரையில் வாழும் நமக்கு, வந்த விருந்தினருக்கு அல்வா தராமல் உபசரிப்பு நிறைவு பெறாது. நீரிழிவு உள்ளவர் அதைத் தாம் உண்ணாவிட்டாலும், பேரக்குழந்தைக்கு ஒரு விள்ளல் ஊட்டியிருப்பார். வாழைப்பழம் உரித்துக் கொடுத்திருப்பார். அதே கையோடு குளுக்கோமீட்டரில் இரத்தச் சர்க்கரையைப் பார்த்தால், அளவு 300-ஐத் தாண்டியும் காட்டக்கூடும். இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்காது. விரலில் ஒட்டிய இனிப்பே துளியில் கலந்திருக்கும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டிக்கொண்டால், சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஜப்பானிய மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவுபடுத்தியது. பழத்தை உரித்த விரலை ஆல்கஹால் பஞ்சால் துடைத்த பின்னரும் மீட்டர் தவறாகவே உயர்த்திக் காட்டியது. குழாய்நீரில் கழுவிய பின்னரே சரியான அளவு கிடைத்தது.

ஆகவே, ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கைகழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். ஈரம் இருந்தால் இரத்தம் நீர்த்து அளவு குறையும். விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறையும். விரலை அழுத்திப் பிழியாதீர்கள். ஸ்ட்ரிப்புகளை அவற்றுக்குரிய குப்பியிலேயே இறுக மூடி வையுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

அளவை மட்டும் குறித்தால் போதாது. நேரம், உண்ட உணவு, மருந்து ஆகியவற்றையும் நோட்டில் எழுதுங்கள். வெறும் வயிற்றில் 80 முதல் 130, உண்ணத் தொடங்கி 2 மணி நேரத்தில் 180-க்குள் என்பது பலருக்கும் பொதுவான இலக்கு. முதியோருக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் இது மாறும். 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் வீட்டுக்கு வரும்போதும் அந்த நோட்டைக் காட்டுங்கள்.

எதிர்பாராத உயர்வு தெரிந்தால், கைகழுவி மறுமுறை பாருங்கள். மருத்துவரைக் கேளாமல் மருந்தைக் கூட்டாதீர்கள். ஆனால் வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினாலோ, அளவு 70-க்குக் கீழே இறங்கினாலோ காத்திருக்க வேண்டாம். மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகி, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல், 108-ஐ அழையுங்கள்.

அளவு பார்க்கும் முன் கைகழுவினீர்களா என்று கேட்பதை வீட்டில் உள்ளோரும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டுகிறோம்.