லைசென் இருக்கிறதா, தம்பி?

சென்ற மாதம் சிங்கப்பூருக்குப் போயிருந்தோம். காத்தோங் வட்டாரத்தில், சிலோன் ரோட்டில் இருக்கும் ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயத்தில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். "ஐயா, பேப்பர்ல எழுதுறவங்கதானே நீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஒரு தம்பி பின்னால் ஓடிவந்தான்.

ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா குலை வெட்டுகிறார், அம்மா உரம் போடுகிறார். பிள்ளை காத்தோங்கில் ஒரு கடையில் வேலை செய்து, மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான்.

"முதலாளி வேனை எடுத்துக்கிட்டுப் போயி சாமான் எறக்கிட்டு வான்னு சொல்றாரு ஐயா. எங்கிட்ட மோட்டார் சைக்கிள் லைசென் மட்டும்தான் இருக்கு. பக்கத்துத் தெருதானே, ஓட்டிடலாமா?"

"வேண்டாம் தம்பி" என்றோம். ஏன் வேண்டாம் என்பதை அவனுக்குச் சொன்னோம். அதையே நம் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் இங்கே சொல்கிறோம்.

காத்தோங்கும் ஒரு காலத்தில் தோட்டக்காடுதான். கடலோரமெங்கும் தென்னந்தோப்பு. இன்று கடைகள் நிறைந்திருக்கும் ஜூ சியட் ரோடு, சியூ ஜூ சியட் என்ற தோட்ட முதலாளியின் பெயரால் வந்தது. 1966இல் கடலைத் தூர்க்கத் தொடங்கினார்கள். அலை அடித்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகளும் விரைவுச்சாலையும் நிற்கின்றன. தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓட்டுகிற மாதிரி இங்கே ஓட்ட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? சிங்கப்பூரில் உரிய லைசென் இல்லாமல் வண்டி ஓட்டினால், முதல் தடவையே 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. 2019இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். மோட்டார் சைக்கிள் லைசென் வைத்துக்கொண்டு வேன் ஓட்டினாலும், அது லைசென் இல்லாமல் ஓட்டியதுதான். லைசென் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுக்கிறவருக்கும் சட்டம் உண்டு. அப்படி ஓட்டி யார் மீதாவது மோதிவிட்டால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும். பக்கத்துத் தெரு என்று சட்டத்தில் விலக்கு எதுவும் இல்லை.

சரி, முறைப்படி எடுப்பது எப்படி? 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மலேசியாவில் 16 வயதிலேயே மோட்டார் சைக்கிள் லைசென் எடுக்கலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு 18க்கு முன் சிங்கப்பூரில் ஓட்ட முடியாது. முதலில் அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு: 50 கேள்விகள், 45 சரியாக இருந்தால்தான் பாஸ். அதன் பிறகுதான் பயிற்சி லைசென். பிறகு இறுதிக் கோட்பாட்டுத் தேர்வு, கடைசியில் ரோட்டில் ஓட்டிக் காட்டும் தேர்வு. பழகும்போது பக்கத்தில் அனுமதி பெற்ற பயிற்றுநர் இருக்க வேண்டும். அண்ணனோ கூட்டாளியோ உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கக் கூடாது.

"இங்கிலீசு வராதே ஐயா" என்று தம்பி இழுத்தான். அந்தப் பயம் வேண்டாம். கோட்பாட்டுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஓட்டுநர் பயிற்சி நிலையங்கள் ஊபி, புக்கிட் பாத்தோக், உட்லண்ட்ஸ் ஆகிய இடங்களில் இருக்கின்றன. காத்தோங்கில் இருப்பவனுக்கு ஊபி பக்கம்தான்.

மலேசியாவில் கார் லைசென் எடுத்தவர்கள் அடிப்படைத் தேர்வில் பாஸ் செய்து அதை மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றினால் கிடைப்பது 3சி வகுப்பு. அதில் கார் ஓட்டலாம். சரக்கு வேன் ஓட்டக் கூடாது. வெளிநாட்டு லைசெனை வைத்து ஓட்டுவதற்குக் காலக்கெடுவும் உண்டு. வேலை பெர்மிட் கைக்கு வந்த அன்றே இதைப் போக்குவரத்துப் போலீசிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

லைசென் எடுத்துவிட்டால் போதுமா? முதல் ஓராண்டு சோதனைக் காலம். மஞ்சள் அட்டையில் ஆரஞ்சு முக்கோணம் போட்ட அடையாளத்தை வண்டியின் முன்னும் பின்னும் ஒட்ட வேண்டும். அந்த ஓராண்டில் 13 குற்றப்புள்ளி சேர்ந்தால் லைசென் போய்விடும். எல்லாத் தேர்வையும் மறுபடி எழுத வேண்டும். சிவப்பு விளக்கைத் தாண்டினாலே 12 புள்ளி! மூச்சுக்காற்றில் 100 மில்லிலிட்டருக்கு 35 மைக்ரோகிராமுக்கு மேல் மது இருந்தால் கோர்ட்டுதான். சம்சு குடித்துவிட்டு மோட்டாரை முறுக்கும் அண்ணன்மார்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

இது சிங்கப்பூர்க் கதை மட்டுமல்ல, தோழர்களே. நம் தோட்டங்களில் என்ன நடக்கிறது? பதின்மூன்று வயதுப் பையன் அப்பாவின் மோட்டாரில் தங்கச்சியைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போகிறான். தலையில் ஹெல்மெட் இல்லை. "எஸ்டேட் ரோடுதானே" என்கிறோம். பெரிய ரோட்டுக்கு வந்ததும் லாரிக்காரன் பாவி ஆகிவிடுகிறான். இன்னும் சிலர் காசு கொடுத்துக் 'கோப்பி லைசென்' வாங்கிவிடலாம் என்று அலைகிறார்கள். காசு கொடுத்தால் அட்டை வரலாம், ஓட்டத் தெரிந்துவிடுமா? கத்தி பிடிக்கத் தெரியாதவனை மரத்துக்கு அனுப்பினால் பட்டையெல்லாம் காயம்; பால் எங்கே வரும்?

முறையான லைசென் நம் பிள்ளைக்கு ஒரு கைத்தொழில் மாதிரி. தோட்டம் துண்டாடப்பட்டாலும், வேலை நின்றாலும், அது சோறு போடும். தீபாவளிச் செலவில் கொஞ்சம் குறைத்து, பிள்ளையை முறைப்படி பழகவிடுங்கள்.

அந்தத் தம்பி என்ன ஆனான்? இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தான். "முதலாளிகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன் ஐயா. மூஞ்சி சுருங்கிப் போச்சு. ஆனா வேலை போகல. ஊபியில அடிப்படைத் தேர்வுக்குப் பேரு குடுத்துட்டேன்" என்றான்.

நல்லா எழுது தம்பி. பாஸ் ஆனதும் முதல் போன் அம்மாவுக்குப் போடு. அப்புறம் நமக்கு.