விளையாட்டின் விதி – 9: எதிராளிக்கும் அதே வண்ணம்

சீட்டாட்டத்தில் தோற்றவர் முதலில் குறை சொல்வது கைக்கு வந்த சீட்டைத்தான். தாயக்கட்டையில் தோற்றவர், கடைசிவரைக்கும் தாயமே விழவில்லை என்பார். அதில் உண்மையும் இருக்கும். மோசமான சீட்டை வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவுதான் ஆடிவிட முடியும்? சதுரங்கம் இந்தத் தொல்லையே வேண்டாமென்று அதிர்ஷ்டத்தை வாசலோடு நிறுத்திவிட்டது. இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் ஜப்பானிய வீடியோ கேம் அதிர்ஷ்டத்தை உள்ளே விட்டது. ஆனால் ஆடும் இருவருக்கும் ஒரே அதிர்ஷ்டம்தான் என்று விதி செய்தது.

பெயர் புயோ புயோ. போன வாரம் பார்த்த டெட்ரிஸைப் போல இதிலும் மேலிருந்து துண்டுகள் விழுகின்றன. கட்டைகளுக்குப் பதிலாக, கண் முளைத்த கொழகொழப்பான வண்ண உருண்டைகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வோர் உருண்டையும் ஒரு புயோ. ஜோடியைத் திருப்பலாம், நகர்த்தலாம், வேண்டிய இடத்தில் இறக்கலாம். ஒரே நிறத்தில் நான்கு, பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ தொட்டுக்கொண்டால் மறைந்துவிடும். மூலைக்கு மூலை தொடுவது கணக்கில் வராது. களத்தின் அகலம் 6 கட்டம், உயரம் 12 கட்டம். இடமிருந்து மூன்றாவது நெடுவரிசையின் உச்சி அடைபட்டால் ஆட்டம் போச்சு.

திரையில் இப்படி இரண்டு களங்கள் அருகருகே இருக்கும், ஆளுக்கு ஒன்று. இருவருக்கும் விழுகிற ஜோடிகளின் வரிசை ஒன்றேதான். எனக்கு இப்போது ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் வந்தால், எதிராளிக்கும் அவருடைய முறையில் அதே சிவப்பும் பச்சையும் வந்தே தீரும். போட்டி பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் ஒரே சீட்டுகளைப் பல மேசைகளில் ஆடவிட்டு ஒப்பிடும் வழக்கம் உண்டு. ஆனால் அந்த ஒப்பீடு ஆட்டம் முடிந்த பிறகு நடப்பது. இங்கே ஆடிக்கொண்டிருக்கும்போதே, நமக்கு வந்த அதே வண்ணங்களை வைத்து அவர் என்ன கட்டியிருக்கிறார் என்று பக்கத்துக் களம் காட்டிவிடுகிறது. தோற்றவருக்குச் சொல்ல சாக்கு இல்லை. இந்த நேர்மைதான் என்னை இந்த ஆட்டத்தின் பக்கம் இழுத்தது.

இதை உருவாக்கிய நிறுவனம் கம்பைல். ஹிரோஷிமாவில் 1982இல் மசமித்சு நீத்தானி தொடங்கியது. ஜானக், அலெஸ்தே என்ற சுடும் விளையாட்டுகளால் பேர் வாங்கியிருந்தார்கள். மாடோ மொனொகதாரி என்று ஒரு சாகசக் கதை விளையாட்டும் செய்தார்கள். ஆருரு என்ற மந்திரக்காரச் சிறுமி பாதாளச் சுரங்கங்களில் பேய் பூதங்களோடு மோதும் கதை. அதில் எவரும் எளிதில் வீழ்த்திவிடக்கூடிய எதிரி, புயோ என்ற வழுவழுப்பான கொழகொழப் பூதம். கசுனாரி யோனெமித்சு இயக்கிய புதிய வண்ணப் புதிருக்கு அந்த உருவம் வந்து சேர்ந்தது. 1991இல் எம்எஸ்எக்ஸ்2 கணினிக்கும், நின்டெண்டோவின் ஃபாமிகாம் கருவிக்கான வட்டிலும் முதல் புயோ புயோ வெளியானது. தனியாக உட்கார்ந்து ஆடும் ஆட்டமாகத்தான் அப்போது பெரிதும் பார்க்கப்பட்டது.

அதே 1991இல் கேப்காம் நிறுவனத்தின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஜப்பானின் கேம் சென்டர்களைப் புரட்டிப் போட்டது. காசு போட்டு ஆடும் இயந்திரங்களின் முன்னால் முன்பின் தெரியாத இருவர் நேருக்கு நேர் மோதுவது வாடிக்கையானது. புயோ புயோவும் அந்த வழிக்குத் திரும்பியது. 1992இல் செகா நிறுவனம் வெளியிட்ட ஆர்கேட் வடிவத்தில் ஒருவரை ஒருவர் எதிர்ப்பதே ஆட்டம் ஆயிற்று. ஆருருவும் பூதங்களும் எதிராளிகளாக வந்து நின்றார்கள். ஒவ்வொரு மோதலுக்கு முன்பும் இருவரும் மேடை நகைச்சுவை பாணியில் ஏதாவது பேசிக்கொள்வார்கள். குத்தும் உதையும் இருந்த இடத்தில் வண்ணங்கள். அடி கொடுப்பது எப்படி என்றால், சங்கிலியால்.

நான்கு புயோ மறைந்ததும் அவற்றின் மேல் இருந்தவை கீழே சரியும். சரிந்த இடத்தில் மறுபடி ஒரே நிறம் நான்கு கூடினால் அவையும் மறையும், அடுத்தது சரியும். சரவெடியின் திரியில் ஒருமுறை நெருப்பு வைத்தால் போதும், மற்றது தானே போய்க்கொண்டிருக்கும் அல்லவா, அப்படி. நம் ஊர்ப் பேருந்திலும் ரயிலிலும் ஆடித் தீர்த்த கேண்டி க்ரஷ்ஷிலும் இப்படித் தொடர்ந்து மறைவது உண்டு. அங்கே அது பெரும்பாலும் எதிர்பாராமல் வந்த வரவு. புயோ புயோவில் தேர்ந்த ஆட்டக்காரர் ஒவ்வொரு கண்ணியையும் முன்கூட்டியே கட்டிவைக்கிறார். மூன்று சிவப்பை அடுக்கிவிட்டு நான்காவது சிவப்பைப் பக்கத்து வரிசையின் மேலே உட்காரவைப்பார். கீழே இருக்கும் மஞ்சள் மறைந்ததும் அது இறங்கி மூன்றோடு சேரும். படிக்கட்டு போல இதையே ஒவ்வொரு வரிசையிலும் செய்துகொண்டு போவது ஆரம்பப் பாடம்.

அகலம் 6 கட்டம்தான் என்பதால் படிக்கட்டு சீக்கிரமே சுவரில் முட்டிக்கொள்ளும். அங்கிருந்து சங்கிலியை மடக்கி, மேல்தளத்தில் வந்த வழியே திருப்பிக் கொண்டுவர வேண்டும். பயிற்சியின் பெரும்பகுதி இந்த மடக்கில்தான் போகிறது. ஓர் ஆட்டக்காரரின் குடும்பப் பெயரையே தாங்கி, ஜிடிஆர் என்ற மூன்று எழுத்தில் புழங்கும் மடக்கு ஒன்று உண்டு. இன்றும் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது அதைத்தான். சங்கிலி எவ்வளவு நீளலாம்? கண்ணுக்குத் தெரியும் 12 வரிசைக்கு மேலே மறைந்திருக்கும் ஒரு வரிசையையும் சேர்த்தால் 78 கட்டம். ஒரு கண்ணிக்கு 4 புயோ. ஆக, 19 கண்ணிக்கு மேல் இடம் கிடையாது.

சங்கிலி ஓடியதும் எதிராளியின் தலையில் நிறமற்ற இடைஞ்சல் புயோக்கள் கொட்டும். அவை தாமாகச் சேர்ந்து மறையாது. பக்கத்தில் வேறு நிறம் மறையும்போதுதான் கூடவே போகும். எத்தனை கொட்டும் என்பதில்தான் ஆட்டத்தின் கணக்கு ஒளிந்திருக்கிறது. 70 புள்ளிக்கு ஒரு இடைஞ்சல். நான்கு நான்காக மறைத்தால் முதல் கண்ணிக்குக் கிடைப்பது வெறும் 40 புள்ளி. இரண்டாவதற்கு 320, மூன்றாவதற்கு 640, நான்காவதற்கு 1,280, ஐந்தாவதற்கு 2,560. கூட்டிப் பாருங்கள்: இரண்டு கண்ணிச் சங்கிலி எதிராளிக்கு அனுப்புவது 5 இடைஞ்சல், மூன்று என்றால் 14, நான்கு என்றால் 32, ஐந்து என்றால் 69. மொத்தக் களமே 72 கட்டம்தான்! ஐந்து கண்ணி ஓடினால் எதிராளி கிட்டத்தட்ட மூடப்பட்டுவிடுகிறார்.

1992ஆம் ஆண்டு ஆட்டத்தின் குறையும் இங்கேயே இருந்தது. எதிராளி ஐந்து கண்ணியை வெடித்துவிட்டால், மேலே வந்து தொங்கும் இடைஞ்சல்களைத் தடுக்க வழியே கிடையாது. நம் களத்தில் எட்டுக் கண்ணிக்கான கட்டுமானம் தயாராக இருந்தாலும் பயனில்லை, அதன்மேல் எல்லாம் கொட்டி மூடிவிடும். அதனால் ஆட்டம், யார் முதலில் ஐந்தை எட்டுகிறார் என்ற ஓட்டப் பந்தயமாகச் சுருங்கியது. அதிர்ஷ்டம் சமமாகத்தான் இருந்தது. ஆனால் அடி வாங்கியவருக்குப் பேச வாய்ப்பு இல்லை.

1994இல் வந்த இரண்டாம் ஆட்டமான புயோ புயோ ட்சூ ஒரு விதியைச் சேர்த்தது: ஈடுகட்டுதல். என்னை நோக்கி 32 இடைஞ்சல் வருகிறது என்றால், அது விழுவதற்குள் நானும் ஒரு சங்கிலியை வெடித்து அதைக் கழித்துவிடலாம். என் சங்கிலி பெரிதென்றால் மிச்சம் அவர் தலைக்குத் திரும்பிப் போகும். கேட்பதற்குச் சின்னத் திருத்தம். வீடியோ விளையாட்டு வரலாற்றில் இவ்வளவு சின்ன மாற்றம் இவ்வளவு பெரிய ஆழத்தைத் திறந்துவிட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏனென்றால் அதுவரை நன்மையாக இருந்த முந்திக்கொள்ளுதல் இப்போது ஆபத்தாக மாறியது. பத்துக் கண்ணிச் சங்கிலி ஓடி முடிய பத்து நொடிக்கு மேல் ஆகும். ஓடுகிற நேரம் முழுக்க, வெடித்தவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எதிராளிக்கோ அந்தப் பத்து நொடியும் சொந்தம். அவர் தன் சங்கிலியில் இன்னும் ஒன்றிரண்டு கண்ணிகளைச் சேர்த்து, கடைசிக் கணத்தில் திரியைப் பற்றவைத்தால், வெடித்தவரின் தாக்குதலும் கரையும், மேல்மிச்சமும் அவர்மீதே கொட்டும். ஆகவே தேர்ந்த இருவர் ஆடும்போது இரு களத்திலும் பெரிய சங்கிலிகள் உயர்ந்துகொண்டே போகும். யாரும் தொடமாட்டார்கள். களமோ நிரம்பிக்கொண்டு வருகிறது. எப்படியும் ஒருவர் வெடித்தாக வேண்டும், அந்த ஒருவர் தாமாக இருக்கக் கூடாது என்பதே இருவரின் கவலையும்.

அப்போது நடக்கும் உரசல்தான் இந்த ஆட்டத்தின் உயிர். பெரிய சங்கிலியைக் கலைக்காமல், ஓரத்தில் ஒரு இரண்டு கண்ணியைச் செய்து சடாரென்று வெடிப்பார் ஒருவர். சில இடைஞ்சல்கள்தான். ஆனால் அவை போய் எதிராளியின் திரிமேல் உட்கார்ந்துகொண்டால் அவரது பெரிய சங்கிலியே முடங்கிப்போகும். ஈடுகட்டச் சிறிதாக ஏதாவது கையில் இருக்கிறதா? இல்லையென்றால் பெரியதை இப்போதே வெடித்தாக வேண்டும். இப்படி எதிராளியை வற்புறுத்தி வெடிக்கவைப்பதற்கென்றே ஜப்பானிய ஆட்டக்காரர்களிடம் தனி உத்தி வகை இருக்கிறது. எந்த நொடியில் வற்புறுத்துவது என்று தெரிய, அவர் களத்தைப் படிக்க வேண்டும்: எத்தனை கண்ணி, திரி எங்கே, சின்னத் தற்காப்பு வைத்திருக்கிறாரா. போட்டிக் காணொளிகளில் முன்னணி ஆட்டக்காரரின் முகத்தைக் கவனித்தால் தெரியும், கண்கள் ஒவ்வொரு சில நொடிக்கும் பக்கத்துக் களத்துக்குப் போய்த் திரும்பும். கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, மனம் பாதிக்குமேல் எதிராளியிடம் இருக்கிறது. கலந்துகொள்ளும் இருவரும் ஒருவரை ஒருவர் இவ்வளவு கூர்ந்து கவனித்தாக வேண்டிய வண்ணப் புதிர் வேறு இல்லை என்பேன்.

அமெரிக்கக் குழந்தைகளுக்கு இந்தப் பாக்கியம் வெகுகாலம் கிடைக்கவில்லை. 1993இல் செகா அங்கே இதை சோனிக் கதையின் வில்லன் டாக்டர் ரோபோட்னிக் பெயரில் விற்றது. 1995இல் நின்டெண்டோ கருவியில் கிர்பி என்ற பாத்திரத்தின் பெயரில் வந்தது. ஆருருவையும் அவள் பூதங்களையும் முழுக்கத் துடைத்துவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டுமே ஈடுகட்டுதல் இல்லாத பழைய விதியில் அமைந்தவை என்பதுதான் எனக்கு வருத்தம். ஜப்பானில் 1994க்குப் பிறகு வளர்ந்த ஆட்டம் ஒன்று, மேற்கில் பலர் நினைவில் தங்கிய ஆட்டம் வேறொன்று.

கம்பைல் நிறுவனத்தின் கதை சோகமானது. புயோ புயோ கொண்டுவந்த பணத்தில் அது வேகமாகப் பெருத்தது. ஹிரோஷிமாவின் புகழ்பெற்ற மஞ்சூ இனிப்பைப் புயோ வடிவத்தில் செய்து விற்றார்கள், அது நன்றாகவே போனது. அலுவலக மென்பொருளில் இறங்கினார்கள். மாடோ மொனொகதாரி உலகத்தை அப்படியே ஒரு கேளிக்கைப் பூங்காவாகக் கட்டும் திட்டம்கூட இருந்தது. 1998இல் கடன் கழுத்தை நெரித்தது. புயோ புயோ உரிமை செகாவின் கைக்குப் போனது, சில ஆண்டுகளில் கம்பைல் மூடப்பட்டது. யோனெமித்சு அதற்கு முன்பே வெளியேறி, பரோக் என்ற இருண்ட அழகுள்ள விளையாட்டை வேறு நிறுவனத்தில் உருவாக்கியிருந்தார். நீத்தானி பல ஆண்டு கழித்து மறுபடி சின்னதாக ஒரு நிறுவனம் தொடங்கி, 2018இல் ந்யோக்கி ந்யோக்கி என்று இன்னொரு விழும் புதிரை வெளியிட்டார்.

செகா தன் பங்குக்கு விதிகளை மாற்றிப் பார்த்தது. ஃபீவர் என்றொரு வடிவம் வந்தது, 2014இல் டெட்ரிஸோடு சேர்த்த கலவையும் வந்தது. இரண்டுக்கும் விசுவாசிகள் உண்டு. ஆனால் 2018இல் ஜப்பானின் இ-ஸ்போர்ட்ஸ் சங்கம் புயோ புயோ ஆட்டக்காரர்களுக்குத் தொழில்முறை உரிமம் கொடுக்கத் தொடங்கியபோது, போட்டி மேடைக்குத் தேர்வானது 1994ஆம் ஆண்டின் ட்சூ விதிதான். 2019இல் இபாராக்கி மாகாணத்தில் தேசிய விளையாட்டு விழாவையொட்டி மாகாணங்களுக்கு இடையே நடந்த இ-ஸ்போர்ட்ஸ் போட்டியில், கால்பந்து, கார்ப் பந்தய விளையாட்டுகளோடு புயோ புயோவும் இடம்பெற்றது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவும் இருந்தது. அடுத்த ஆண்டு செகா, புயோ புயோவின் நிரலைப் பிள்ளைகள் தாங்களே தட்டச்சு செய்து ஓடவைக்கும் பாடம் ஒன்றையும் வெளியிட்டது. நான்கு சேர்ந்தால் மறை, மேலே இருப்பதைக் கீழே இறக்கு, மறுபடி தேடு என்ற கட்டளைகளை எழுதித்தான் நிரலாக்கம் கற்கிறார்கள்.

இருவர் கையிலும் ஒரே சரக்கு, இருவருக்கும் ஒரே அளவு களம் என்பது புயோ புயோவின் அடிப்படை. இதை அடியோடு மறுக்கும் ஆட்டம் ஒன்று நம் கோயில்களின் கல்தரைகளில் செதுக்கப்பட்டுக் கிடக்கிறது. அதில் ஒருவருக்கு மூன்று காய்தான். மற்றவருக்கோ ஒரு மந்தையே. அடுத்த வாரம், ஆடு புலி.